அக்டோபரிலும் ஒருமுறை பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள்

தமிழ் நாளிதழ்களின் ஆசிரியர்களுக்கும் மாவட்ட நிருபர்களுக்கும்,

வணக்கம். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து, கடைசி ஆறு வருடம் தலைமை ஆசிரியராக இருந்து, 2022 மே மாதம் ஓய்வுபெற்றவன் நான். காலையில் பால் வருவதற்கு முன்னால் பேப்பர் வந்துவிட வேண்டும் எனக்கு. வீட்டுக்கு ஒன்று வாங்குகிறேன், டீக்கடையில் இரண்டு பார்க்கிறேன், சாயங்காலம் கிளை நூலகத்தில் மிச்சத்தையும் மேய்ந்துவிடுவேன். ஆகவே இது ஏதோ ஒரு பத்திரிகையைக் குறிவைத்து எழுதுவதில்லை. எல்லாரும் ஒரே மாதிரிதான் செய்கிறீர்கள்.

நீங்கள் பள்ளிக்கூடத்துக்கு எப்போது வருகிறீர்கள் என்று ஓய்வுக்குப் பிறகு யோசித்துப் பார்த்தேன். ஜூனில் திறக்கும் நாளன்று வருகிறீர்கள், முதல் வகுப்புப் பிள்ளை அழுகிற படம் வேண்டும். விலையில்லா மிதிவண்டி கொடுக்கும்போது வருகிறீர்கள். படத்தின் நடுவில் எம்எல்ஏ இருப்பார், சைக்கிளின் ஒரு ஹேண்டில்பார் தெரியும், பிள்ளையின் பாதி முகம் தெரியும். சுற்றுச்சுவர் விழுந்தால் வருவீர்கள், வகுப்பறையில் பாம்பு புகுந்தால் கண்டிப்பாக வருவீர்கள். அப்புறம் மே மாதம், ரிசல்ட். எங்கள் பள்ளியில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தினமும் ஒரு பிள்ளை செய்தி வாசிக்கும். குறள், பழமொழி, அதற்கடுத்து செய்தி. அதற்கான பேப்பரை நான் வீட்டிலிருந்து எடுத்துப் போவேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒருநாள் வாசித்து முடித்துவிட்டு, “சார், நம்ம பள்ளிக்கூடம் எப்ப சார் பேப்பர்ல வரும்?” என்று கேட்டாள். அந்த வருடமே வந்தது. மழையில் சமையல்கூடத்து ஓடு சரிந்தது.

ரிசல்ட் மேல் உங்களுக்கு இருக்கிற பிரியம் எனக்குப் புரியாமல் இல்லை. அது பழைய உறவு. என் அண்ணன் பழைய எஸ்.எஸ்.எல்.சி. எழுதியது 1974இல். அப்போது முடிவு பேப்பரில்தான் வரும், வெறும் எண்களாக, பொடி எழுத்தில், பத்தி பத்தியாக. எண் இருந்தால் பாஸ், இல்லையென்றால் இல்லை. திருச்சியிலிருந்து வரும் பஸ்ஸில் கட்டு இறங்கும்போது சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் கூட்டம் நிற்கும். எங்கள் அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. அண்ணனுடைய எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு மூன்று பேரிடம், ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவரிடம், அதே பத்தியைப் பார்க்கச் சொன்னார். மூன்று பேரும் இல்லை என்றார்கள். அச்சில் விட்டுப்போயிருக்கும், காலைப் பேப்பரில் சரியாகப் போடுவான் என்று சொல்லிக்கொண்டே அன்றிரவு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பேப்பரில் வந்தால் அது உண்மை, வராவிட்டால் அச்சுப்பிழை. அவ்வளவு நம்பிக்கை உங்கள் மேல்.

எண்கள் போய் இப்போது எல்லாம் கைபேசியில் வந்துவிட்டது. மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கிற வழக்கத்தையும் 2017இல் அரசு நிறுத்தியது. எங்கள் ஆசிரியர் அறையில் அன்றைக்கு எல்லாரும் கைதட்டினோம். ஆனால் அந்த இடம் காலியாக இருக்கவில்லை. மாணவனுக்குப் போட்ட ரேங்கை நீங்கள் மாவட்டத்துக்குப் போட ஆரம்பித்தீர்கள். 2025 பிளஸ் டூவில் தேர்ச்சி 95.03 சதவீதம், அரியலூர் 98.82 சதவீதத்தோடு முதலிடம். பத்தாம் வகுப்பில் சிவகங்கை முதலிடம். இப்படித் தலைப்பு வந்தால் கடைசியில் வரும் மாவட்டத்து முதன்மைக் கல்வி அலுவலருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அவர் ஜூன் மாத மீளாய்வுக் கூட்டத்தில் தலைமை ஆசிரியர்களை நிற்க வைத்துக் கேட்பார், தலைமை ஆசிரியர் பாட ஆசிரியரைக் கேட்பார், பாட ஆசிரியர் யாரைக் கேட்பது? கடைசி பெஞ்சைத்தான்.

நூறு சதவீதத் தேர்ச்சி எப்படி வருகிறது என்று உங்களில் யாராவது போய்ப் பார்த்ததுண்டா? நான் சொல்கிறேன். நன்றாகச் சொல்லிக்கொடுத்து வருவதும் உண்டு, அதை மறுக்கவில்லை. காலை எட்டு மணிக்கு வந்து இரவு ஏழு மணிக்குப் போகிற கணக்கு டீச்சர்களை எனக்குத் தெரியும். இன்னொரு வழியும் உண்டு. ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் பெற்றோரைக் கூப்பிட்டு, “பையனுக்குப் படிப்பு ஏறலைங்க, ஐடிஐ மாதிரி ஏதாவது பாருங்க” என்று இதமாகப் பேசி டிசியைக் கையில் கொடுப்பது. அல்லது, “இந்த வருஷம் விட்டுடுப்பா, அப்புறம் தனித்தேர்வரா எழுதிக்கலாம்” என்பது. பரீட்சைக்குப் பெயர் அனுப்பும் நாமினல் ரோலில் அந்தப் பெயர் இருக்காது. இல்லாத பிள்ளை பெயிலாக முடியாது.

நானும் செய்திருக்கிறேன். தலைமை ஆசிரியரான இரண்டாவது வருடம், முந்தைய வருடம் எங்கள் தேர்ச்சி 84 சதவீதம். கூட்டத்தில் நிற்க வைத்துக் கேட்டார்கள். திரும்பி வந்து ஒரு பையனுடைய அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினேன். அவன் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான், கணக்கில் பத்து மார்க் தாண்டியதில்லை. ஆனால் பள்ளிக்கு ஒருநாள் லீவு போட்டதில்லை. மரத்துக்கெல்லாம் தண்ணீர் ஊற்றுவான். அந்த அம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, “சார் சொன்னா சரியா இருக்கும்” என்றார். அந்த வருடம் எங்கள் பள்ளி பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம். உங்கள் மாவட்டப் பக்கத்தில் என் படம் வந்தது, சால்வையோடு. நிருபர் தம்பி இரண்டு கேள்வி கேட்டார். எப்படிச் சாதித்தீர்கள், அடுத்த இலக்கு என்ன. ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று அவர் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இப்போதும் யோசிக்கிறேன். அந்தப் பையன் திருப்பூரில் இருப்பதாகச் சொன்னார்கள். பிறகு அங்கேயும் இல்லை என்றார்கள்.

இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று உங்கள் பக்கத்திலேயே வந்துபோனது. 2023 மார்ச் 13, பிளஸ் டூ தமிழ்ப் பரீட்சை. அன்றைக்கு எழுத வராதவர்கள் 50,674 பேர். தாய்மொழிப் பாடத்துக்கு வரவில்லை. நீங்களும் விடவில்லை, முதல் பக்கத்தில் போட்டீர்கள், தலையங்கம் எழுதினீர்கள், தொலைக்காட்சியில் விவாதம் நடந்தது. ஒரு வாரம், பத்து நாள். அதற்குப் பிறகு அந்த ஐம்பதாயிரம் பேரைப் பற்றி நான் தேடித் தேடிப் படித்தவரை ஒரு வரி இல்லை.

அந்தச் செட்டை எனக்குத் தெரியும். கொரோனாவில் 2021இல் பத்தாம் வகுப்பு பரீட்சை இல்லாமல் எல்லாரும் பாஸான செட் அது. நான் ஓய்வுபெறும்போது எங்கள் பதினொன்றாம் வகுப்பில் இருந்தது. பள்ளி மூடியிருந்த மாதங்களில் பலர் வேலைக்குப் போனார்கள், கையில் காசு பார்த்தார்கள், திறந்த பிறகு சிலர் திரும்பவே இல்லை. பதினொன்றில் தேறாவிட்டாலும் பன்னிரண்டில் உட்காரலாம் என்பது அப்போதைய விதி. எனவே பெயர் மட்டும் பதிவேட்டில் மேல் வகுப்புக்குப் போய்க்கொண்டே இருந்தது. பெயரை நீக்கினால் இடைநிற்றல் கணக்கில் ஏறும், ஏன் என்று மேலிடத்தில் கேட்பார்கள். நீக்காவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். என் பள்ளியிலிருந்தே அன்றைக்கு நான்கு பேர் போகவில்லை என்று பிறகு தெரிந்தது. ஒருவன் சென்னையில் ஓட்டல் வேலை, ஒருவன் அப்பாவோடு கொத்தனார் வேலை. ஒரு பெண்ணுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். நான்காவது பையன் ஊரில்தான் இருந்தான், ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான், பரீட்சை நடப்பதே தெரியாது என்றான். மார்ச் 13 அன்று காணாமல் போனவர்கள் இல்லை இவர்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பே போய்விட்டார்கள். பரீட்சை அன்றைக்குத்தான் நீங்களும் அரசாங்கமும் எண்ணிப் பார்த்தீர்கள்.

இதை நிருபர்களின் சோம்பல் என்று சொல்லமாட்டேன். எங்கள் தாலுகா நிருபரை எனக்கு நன்றாகத் தெரியும், என்னிடம் படித்தவர். மாதச் சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, ஆண்டு மலருக்கு விளம்பரம் பிடித்துத் தர வேண்டும், விபத்து, போராட்டம், கோயில் திருவிழா எல்லாம் அவர்தான். பள்ளியில் ஒருநாள் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டைப் பார்க்க அவருக்கு நேரம் எங்கே? விளம்பரம் தரும் தனியார் பள்ளியில் போய் ஒன்பதாம் வகுப்புக் கணக்கைக் கேட்க முடியுமா? ஆகவேதான் அவருக்கு மட்டும் எழுதாமல் ஆசிரியர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

ரிசல்ட் செய்தியில் இன்னொன்றும் உண்டு. “கூலித் தொழிலாளி மகள் சாதனை.” ஒவ்வொரு மே மாதமும் இந்தத் தலைப்பு வந்துவிடும். நல்ல எண்ணத்தில்தான் போடுகிறீர்கள், தெரியும். எங்கள் பள்ளியில் ஒரு பெண் 600க்கு 571 எடுத்தாள். பேப்பரில் வந்ததும் கத்தரித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். மறுநாள் காணோம். யாரோ கிழித்துவிட்டார்கள் என்று நான் சத்தம் போட்டேன். இரண்டு நாள் கழித்து அவளே வந்து, “நான்தான் சார் எடுத்துட்டேன்” என்றாள். அவள் அப்பா பந்தல் போடுகிறவர். தென்னங்கீற்றில் முகப்பு கட்டினால் சுற்றுவட்டாரத்தில் அவருக்கு இணை கிடையாது. “எங்கப்பா கூலியில்ல சார், பந்தல்காரர். பேர்கூடப் போடாம கூலின்னு போட்டிருக்காங்க” என்றாள். மருத்துவர் மகள் சாதனை, வட்டாட்சியர் மகன் சாதனை என்று நீங்கள் தலைப்பு போட்டு நான் பார்த்ததில்லை. போட வேண்டும் என்றும் சொல்லவில்லை. அந்தப் பெண் எந்தப் பாடத்தில் எதை விரும்பிப் படித்தாள், யார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், எந்த பஸ்ஸில் வந்துபோனாள் என்று எழுதியிருந்தால் கத்தரித்ததை அவள் வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருப்பாள்.

ரிசல்ட் நாளின் துயரச் செய்திகளைப் பற்றி ஒரே ஒரு வரி. தோற்ற பிள்ளை உயிரை விட்டால் எப்படி, எங்கே என்று விவரித்து எழுதக் கூடாது, தலைப்பில் பெரிதாக்கக் கூடாது என்ற நெறிமுறையை இந்தியப் பத்திரிகை மன்றமே 2019இல் ஏற்றுக்கொண்டது. நீங்கள் ஒரு முறை எடுத்துப் படித்தால் போதும்.

சரி, நல்ல விஷயத்துக்கு வருகிறேன். வரலாற்று வாத்தியார் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது.

2023இல் எங்கள் ஊர்ப் பக்கம் பொற்பனைக்கோட்டையில் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது. நீங்கள் நன்றாகவே எழுதினீர்கள். தங்க மூக்குத்தி கிடைத்தது, எலும்பு முனைக் கருவி கிடைத்தது, சூதுபவள மணி கிடைத்தது. எங்கள் பழைய பள்ளியின் சமூக அறிவியல் டீச்சர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போனார், என்னையும் கூப்பிட்டார். பிள்ளைகள் கையில் உங்கள் பேப்பரின் துண்டு. அதில் மூக்குத்தியின் படமும் இத்தனை நூற்றாண்டுப் பழமை என்ற வரியும் இருந்தன. ஒரு பையன் கேட்டான், “அய்யா, மூக்குத்தியப் பார்த்தே வயசு சொல்லிடுவாங்களா?” இதைவிட நல்ல கேள்வியை எம்.ஏ. வகுப்பில்கூட நான் கேட்டதில்லை. தங்கத்துக்கு அப்படி வயது பார்க்க முடியாதுடா என்றேன். அது கிடந்த மண்ணடுக்கில் கரித்துண்டு கிடைத்தால் அதை ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். மரம் உயிரோடு இருந்தபோது வாங்கிய கரியின் ஒரு பகுதி வருடம் ஆக ஆகக் குறைந்துகொண்டே வரும், எவ்வளவு மிச்சம் என்று பார்த்து மரம் செத்த காலத்தைச் சொல்வார்கள். கரி இல்லாவிட்டால் கூடக் கிடந்த பானை ஓட்டின் வகையை வைத்துக் கணிப்பார்கள். குழியின் சுவரில் மண்ணின் நிறம் பட்டை பட்டையாக மாறுவதைக் காட்டினோம். பிள்ளைகள் அரைமணி நேரம் அந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், மூக்குத்தியை மறந்துவிட்டார்கள்.

இந்த நான்கு வரி உங்கள் செய்தியில் இருந்திருக்கலாம் அல்லவா? 2025 ஜனவரி 23 அன்று முதலமைச்சர் இரும்பின் தொன்மை பற்றி அறிவித்தபோதும் இதே கதை. தமிழ் மண்ணில் 5,300 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு என்று எட்டுப் பத்தி அகலத்தில் தலைப்பு. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் தோண்டி எடுத்த கரியையும் பானை ஓட்டையும் ஒரே ஆய்வகத்தோடு நிறுத்தாமல் வேறு வேறு ஆய்வகங்களுக்கு அனுப்பிச் சரிபார்த்தார்கள். அதுதானே அந்தச் செய்தியின் பலம்? அது ஏழாம் பத்தியில் கிடந்தது, சிலரிடம் அதுவும் இல்லை. டீக்கடையில் ஒருவர் “எல்லாம் சும்மா அரசியல்” என்றார், இன்னொருவர் “நாமதான் உலகத்துக்கே மூத்தவன்” என்றார். இரண்டு பேருக்கும் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று தெரியாது. பெருமைப்படவும் சந்தேகப்படவும் ஆள் இருக்கிறார்கள், கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் பேப்பர் வேண்டும்.

கல்விக் கொள்கைச் செய்திகளிலும் இப்படித்தான். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கு மத்திய அரசு தர வேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்த விவகாரம் மாதக்கணக்கில் ஓடியது. யார் என்ன சொன்னார், யார் பதிலடி கொடுத்தார் என்பதை வரிவிடாமல் போட்டீர்கள். பதிலடி, கண்டனம், ஆவேசம், இந்த மூன்று சொல்லையும் எடுத்துவிட்டால் அந்தச் செய்திகளில் பாதி காணாமல் போய்விடும். அந்தப் பணம் வராததால் ஒரு பள்ளியில் என்ன நின்றது? மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு வரும் சிறப்பு ஆசிரியர் வாரம் எத்தனை நாள் வந்தார்? 2012இல் ஐயாயிரம் ரூபாய்க்குச் சேர்ந்த ஓவிய, தையல், உடற்கல்விப் பகுதிநேர ஆசிரியர்கள் பன்னிரண்டு, பதின்மூன்று வருடத்துக்குப் பிறகும் பகுதிநேரமாகவே இருந்தார்களே, அவர்கள் மே மாதம் சம்பளமில்லாமல் எப்படிச் சமாளித்தார்கள்? சென்னையில் சாலையில் உட்கார்ந்து கைதாகி மண்டபத்தில் அடைபட்டால் அவர்கள் படம் வரும். எங்கள் ஓவிய ஆசிரியர் சனி ஞாயிறுகளில் சுவர் விளம்பரம் எழுதுவார். அதே ஊரில், தன்னிடம் படிக்கும் பிள்ளைகள் பார்க்க. அது ஒரு செய்திதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

விளம்பரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. ரிசல்ட் வந்த மறுநாள் முதல் பக்கத்தையே மூடி வருகிற பயிற்சி மையங்களின் முகவரிசையைச் சொல்கிறேன். மாணவர் எழுதிக்கொடுத்த சம்மதம் இல்லாமல் பெயரும் படமும் போடக் கூடாது, அவர் எந்த வகுப்பில் எவ்வளவு காலம் படித்தார் என்பதை மறைக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதைச் செய்தியாகவும் போட்டீர்கள், உள்பக்கத்தில். காகித விலை என்ன விற்கிறது, விளம்பரம் இல்லாமல் ஓடாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அந்த முகவரிசையைப் பார்த்துவிட்டு இருக்கிற இரண்டு மாட்டையும் விற்று மகளைக் கொண்டுபோய்ச் சேர்த்த ஒரு குடும்பத்தையும் தெரியும். அவர்கள் நம்பியது அந்த மையத்தை இல்லை, பேப்பரில் வந்ததை.

எங்கள் அப்பா மாதிரிதான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மே மாதத்தில் எங்களைப் பற்றி எழுதும் இடத்தில் கால்வாசியைப் பிடித்து வையுங்கள். அக்டோபரில், காலாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து பள்ளி திறந்து பத்து நாள் கழித்து, எந்த விழாவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, உங்கள் நிருபரை ஒரு பள்ளிக்கு அனுப்புங்கள். அன்றைக்கு அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். அவர் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான். ஜூனில் இந்த வகுப்பில் எத்தனை பேர், இன்றைக்கு எத்தனை பேர்? குறைந்த பேரில் ஒரு பிள்ளையின் வீட்டுக்கு மட்டும் போய் வரட்டும். பிள்ளையின் பெயரும் படமும் வேண்டாம். மாவட்டத்துக்கு ஒரு பள்ளி என்றாலே 38 செய்தி வந்துவிடும். அடுத்த மார்ச்சில் தமிழ்ப் பரீட்சைக்கு யார் வரமாட்டார்கள் என்று அரசாங்கத்துக்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

தம்பிகளுக்குத் தொழில் ரகசியம் ஒன்றும் சொல்லித் தருகிறேன். தலைமை ஆசிரியரிடம் கேட்காதீர்கள். கேட்டால் எமிஸ் என்கிற, கல்வித் துறையின் கணினிப் பதிவேட்டுக் கணக்கைக் காட்டுவார், அதில் எல்லாரும் இருப்பார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் காட்டியிருப்பேன். காலை இடைவேளை பத்து நிமிடம், அப்போது வகுப்பாசிரியர் டீ குடிக்க வெளியே வருவார். அவரோடு நடந்துகொண்டே கேளுங்கள். அவர் பெயர்களை வரிசையாகச் சொல்வார், பதிவேட்டைப் பார்க்காமலே.

இப்படிக்கு,
புதுக்கோட்டையிலிருந்து,
உங்கள் பழைய வாசகன், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியன்